முதலில் இறங்கியவர்

பிரேக் மாஸ்டரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. எங்கோ ஒரு நாய் வாலை ஆட்டினால் போதும், அவருடைய வலது கால் தரையைப் போட்டு மிதிக்கும். அங்கே பிரேக் எதுவும் இருக்காது, வெறும் தகரம்தான். ஆனாலும் மிதிப்பார். ஆட்டோவில் மிதிப்பார், மச்சான் காரில் மிதிப்பார். ஒரு தடவை சினிமா கொட்டகையில், படத்தில் ஒரு கார் பள்ளத்தைப் பார்த்துப் போக, மாஸ்டர் பதறிப்போய் மிதித்த மிதியில் முன் சீட்டுக்காரர் எழுந்து நின்று, "ஏன் சார், என் முதுகு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாஸ்டரின் மனைவி அவரோடு சினிமாவுக்குப் போவதில்லை.

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, தொழில் அப்படி. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு இருக்கும். பாதி ஆயுளை அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்தே கழித்தவர் அவர். ஜெராக்ஸ் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கிற ஒரு ஷட்டருக்கும் நடுவில் ஓர் அறை, சுவர் முழுக்கச் சாலைக் குறிகள், மேஜை மேல் பழைய கியர் பெட்டி ஒன்று. இதுதான் ஸ்கூல். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெடவெடக்கிறவர்களிடம் மாஸ்டர் முதலில் சொல்வது, "பயப்படாதே, என் கால் இருக்கு." பயந்துபோய் பிரேக்கை விட்டு இறங்காத கால்களைப் பார்த்து அடுத்துச் சொல்வது, "காலை எடு. வண்டி ஓடத்தான் இருக்கு." இந்த இரண்டையும் வைத்தே ஊரில் பாதிப் பேரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவருக்கு அடங்காத ஒரே ஜீவன் அவருடைய தங்கை. தங்கை என்று இங்கே சொன்னது அந்த அம்மாள் காதில் விழுந்தால் சொன்னவரை நடு ரோட்டில் இறக்கிவிட்டு விசில் ஊதிவிடுவாள். டவுன் பஸ் கண்டக்டர் அவள், லீவு நாளிலும் கழுத்தில் விசில் தொங்கும். இரண்டு பேரும் இரட்டை. மாஸ்டர் முதலில் பிறந்தார், அவள் கொஞ்ச நேரம் கழித்துப் பிறந்தாள். ஆகவே அவர் அண்ணன், அவள் தங்கை, விஷயம் முடிந்தது என்பது மாஸ்டர் கட்சி.

"எப்படிடா முடிஞ்சது?" என்பாள் அவள். "கூட்டமான பஸ்ஸுல முதல்ல ஏறினவன் உள்ள போயிடுவான். கடைசியா ஏறி படியில தொங்கறவன்தான் முதல்ல இறங்குவான். நீ முதல்ல இறங்கினேன்னா என்ன அர்த்தம்? கடைசியா ஏறினேன்னு அர்த்தம். நான்தான் அக்கா."

இந்த வழக்கை மாஸ்டரால் ஜெயிக்கவே முடிந்ததில்லை. முடிந்திருந்தால் ஐம்பது வயது வரை இழுத்திருக்குமா? அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டதே கிடையாது. "டேய்" அல்லது "இவனே". வெளியாட்கள் முன்னால் "எங்க வீட்டு டிரைவர்". இதில் அநியாயம் என்னவென்றால், மாஸ்டரின் மனைவியை வாய் நிறைய "அண்ணி, அண்ணி" என்பாள்.

"ஏம்மா, நான் அண்ணின்னா அவரு யாரு?" என்று அந்த அம்மாள் ஒரு நாள் மடக்கிப் பார்த்தாள்.

"நீங்க அண்ணிதான் அண்ணி. அவன் உங்க வீட்டுக்காரன். அதோட சரி."

மாஸ்டர் அவளுக்கும் ஒரு தடவை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். தெருமுனை தாண்டுவதற்குள் எத்தனை தடவை பிரேக் அடித்தாரோ, அவளுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. நட்ட நடுத்தெருவில் கதவைத் திறந்து இறங்கி, "நீயே ஓட்டி நீயே மிதிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸை விசில் அடித்து நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். அதோடு அந்தப் படிப்பு நின்றது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மனிதருக்குத்தான் ஒரு வருஷம் காலெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிப்போக ஆரம்பித்தது. பெடல் இடிக்கிறது என்று நினைத்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்தார். பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் சரியில்லை என்று வேறு பிரஷ் வாங்கினார். மனைவிக்குப் பொறுமை போய், "வண்டிக்குச் சின்னச் சத்தம் வந்தாலே மெக்கானிக்கிட்ட ஓடறீங்க, உங்க உடம்பு என்ன அனாதையா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தாள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

ரத்த நோய்களுக்கான டாக்டர் அறைக்குள் நுழைந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். நாற்காலியில் இருந்தது அவருடைய பழைய மாணவி. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிற பெண். ஒரு நாள் ஸ்கூல் வாசலில் இருந்த பூந்தொட்டி மேலேயே வண்டியை ஏற்றியவள்.

"வாங்க மாஸ்டர், உக்காருங்க," என்றார் டாக்டர். "பூந்தொட்டியை மறந்துட்டீங்களா?"

"மறப்பேனாம்மா? டாக்டர்னு சொல்லவே இல்லையே நீ... நீங்க."

"ஸ்டியரிங் பிடிச்சா நான் டாக்டருங்கறதே எனக்கு மறந்துபோயிடும்."

சிரித்துவிட்டு, சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார். ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள்ளே இருக்கிற மஜ்ஜையில்தான் உடம்புக்கு வேண்டிய ரத்தம் தயாராகிறது, அங்கேயே கோளாறு. மருந்து கொடுத்து அடக்கலாம், ஆனால் இவருக்கு வந்திருக்கிற வகை அடங்கின மாதிரி நடித்துவிட்டுத் திரும்பி வரும். மருந்தால் அடக்கின கையோடு பழைய மஜ்ஜையை ஒட்டுமொத்தமாகக் காலி செய்துவிட்டு, வேறு ஒருவருடைய ஸ்டெம் செல்லை ஏற்ற வேண்டும். அது போய் எலும்புக்குள் உட்கார்ந்து, புதிதாக ரத்தம் உண்டாக்க வேண்டும்.

மாஸ்டரின் கால் மேஜைக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஏற்றலேன்னா?" என்று கேட்டார்.

"அதை இப்ப பேச வேண்டாம் மாஸ்டர். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒருத்தி இருக்கா. இரட்டை."

"இரட்டைன்னா நிச்சயமாப் பொருந்தும்ல?" என்று மனைவி ஆவலோடு கேட்டாள்.

"அச்சா ஒரே மாதிரி பிறந்தா அது வேற கதை. இவங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல குடியிருந்த ரெண்டு தனிக் குடித்தனம். நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு."

"நாலுல ஒண்ணா?" என்றார் மாஸ்டர். "எங்க ரெண்டு பேருக்கும் டீக்குச் சக்கரை எவ்வளவுங்கறதே இதுவரைக்கும் ஒத்துப்போனதில்லை டாக்டர். வேற ஆளைப் பாருங்க."

தங்கையையே பரிசோதித்துப் பார்த்தார்கள், பத்துக்குப் பத்து பொருந்தியது. டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்து அதைச் சொன்னார். "இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கும் அவருக்கும் பத்துக்கு ரெண்டு தேறாது," என்று மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கையில் துருப்புச் சீட்டு வந்துவிட்டவளுக்கு இருக்கிற தெம்பு வந்துவிட்டது.

"டேய், கொடுக்கறேன். ஒரே ஒரு தடவை அக்கான்னு கூப்பிடு, எத்தனை பை வேணுமோ எடுத்துக்கோ."

"செத்தாலும் மாட்டேன்."

வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். இதுவரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அன்றைக்கு அது வாயை விட்டு வெளியே வந்ததும் அறைக்குள் என்னவோ போல ஆகிவிட்டது. தங்கையின் முகம் சுண்டிப்போய்விட்டது. கழுத்து விசிலைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டே, "சரி சரி, கூப்பிட வேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் எடுக்காதே," என்றாள்.

மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே பயம் வந்தது. இவள் விட்டுக்கொடுக்கிறாள் என்றால் நிலைமை அவ்வளவு மோசமா?

பஸ் டெப்போவில் செய்தி வேறு மாதிரி பரவியது. கண்டக்டரம்மா தன்னுடைய செல்லை அண்ணனுக்குக் கொடுக்கப் போகிறாளாம் என்று கேள்விப்பட்ட ஒரு டிரைவர், "நல்ல மனசும்மா உனக்கு. எந்த மாடல்? பழசை எனக்குத் தர்றேன்னு சொல்லியிருந்தியே," என்று வந்து நின்றார். "இந்த மாடல் கடையில கிடைக்காது அண்ணே, அம்மா வயித்துல வாங்கினது," என்று சொல்லி அவரைத் துரத்தினாள். பார்த்தீர்களா, ஊரில் போகிற வருகிற டிரைவரெல்லாம் அவளுக்கு அண்ணே. சொந்த அண்ணன் மட்டும் டேய்.

செல் எடுப்பதற்கு எலும்பை உடைப்பார்கள், முதுகைத் துளைப்பார்கள் என்றெல்லாம் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எலும்புக்குள் இருக்கிற செல்களை ரத்தத்துக்குக் கிளப்பிக் கொண்டுவர நாலைந்து நாள் ஊசி போட்டார்கள். ஊசிக்கு எலும்பெல்லாம் குடைச்சல். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே டிக்கெட் கொடுக்கிறவள் பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டாளாம். டிரைவர் சொல்லித்தான் அண்ணிக்குத் தெரிந்தது, அண்ணி சொல்லி மாஸ்டருக்குத் தெரிந்தது.

அப்புறம் ஒரு நாள் காலையில் அவளைப் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் ஒரு மெஷினுக்குப் போய், வேண்டியது மட்டும் தங்கி, மிச்சம் மறு கை வழியாகத் திரும்பி வந்தது. இரண்டு கையையும் அசைக்கக் கூடாது. மதியம் வரை மூக்கு அரித்தால் நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். "என்னம்மா மெஷின் இது, ஏறின ஜனமெல்லாம் சுத்திப் பார்த்துட்டு என்கிட்டேயே திரும்பி வருது," என்று அவள் நர்ஸிடம் புலம்பியது அறைக்கு அறை பரவிவிட்டது.

அதே மாடியில் ஒரு பாட்டு டீச்சரும் இருந்தார். அவருக்குப் புற்றுநோய் இல்லை. அவருடைய எதிர்ப்பு சக்தியே அவருடைய நரம்புகளை எதிரி என்று நினைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு அவருடைய செல்லையே முன்னாடி எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட பாடம் படித்த பழைய எதிர்ப்பு சக்தியைத் துடைத்துவிட்டு, திருப்பி ஏற்றி, முதலிலிருந்து வளர விடுவார்களாம். தனி அறைக்குப் போவதற்கு முன்னால் வராந்தாவில் அவரோடு பேசிய மாஸ்டருக்குப் பொறாமை தாங்கவில்லை.

"கொடுத்து வச்சவங்க டீச்சர் நீங்க. உங்களுக்கு நீங்களே கொடுக்கறீங்க. அக்கான்னு கூப்பிடுன்னு கழுத்துல கத்தி வைக்க ஆளில்லை."

"எனக்குச் சண்டை வெளியில இல்லை மாஸ்டர், உள்ளேயே," என்றார் டீச்சர். "உங்களை மாதிரி சண்டை போட வெளியில ஒரு ஆள் இருந்தா தேவலைன்னு இருக்கு."

தனி அறை கண்ணாடிக் கதவு போட்டது. காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். பழைய மஜ்ஜையைக் காலி செய்கிற மருந்து சில நாள் ஏறியது. தலைமுடி போனது, புருவம் போனது, சாப்பாட்டைப் பார்த்தாலே வயிறு பிரட்டியது. படுக்கையின் கால்மாட்டில் ஒரு பலகை இருந்தது. மாஸ்டர் வலது காலை அதில் அழுத்திக்கொண்டே படுத்திருந்தார், தூக்கத்திலும் எடுக்கவில்லை. குதிகால் சிவந்துவிட்டது.

செல் ஏற்றும் நாளில் ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்கப் போகிறது என்று நினைத்திருந்தார். நர்ஸ் ஒரு சின்னப் பையைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார். தக்காளிச் சாறு மாதிரி ஒரு திரவம். குழாய் வழியாக இறங்க ஆரம்பித்தது.

"இவ்வளவுதானா?" என்றார் மாஸ்டர்.

"இவ்வளவுதான்," என்றார் டாக்டர். அவர் கண் மாஸ்டரின் கால் பக்கம் போனது. போர்வைக்குள் வலது கால் பலகையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது. "காலை எடுங்க மாஸ்டர். வண்டி ஓடத்தான் இருக்கு."

தன்னுடைய வார்த்தை தனக்கே திரும்பி வந்ததில் மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கு அது தெரியாதா? காலுக்குத்தான் தெரியலை," என்றார்.

"இனிமே பிடிக்கணும், அதுதான் முக்கியம். உங்க தங்கச்சியோட செல்லுக்கு உங்க எலும்புல பிடிக்கணும்."

"பிடிக்கணுமா?" மாஸ்டருக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. "அவளுக்கு என்னை என்னைக்கு டாக்டர் பிடிச்சிருக்கு?"

டாக்டர் சிரித்தார். இன்னொரு விஷயமும் சொன்னார். பிடித்துவிட்டால் மாஸ்டரின் ரத்த வகை போகப் போக தங்கையின் வகையாக மாறிவிடும். ரத்தத்தை மட்டும் எடுத்துப் பரிசோதித்தால் இது ஒரு பெண்ணுடைய ரத்தம் என்றுதான் காட்டும். இதைக் கேட்ட மனைவி, "அப்பாடா, இனிமேலாவது சொன்ன பேச்சு காதுல ஏறும்," என்றாள்.

இரண்டு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு வாரம் போனது. தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெள்ளணு இல்லை. மறுநாளும் இல்லை. காய்ச்சல் வந்தது, வாயெல்லாம் புண். ஊரையே பேசிப் பேசி ஓட வைத்த மனிதருக்குத் தண்ணீர் முழுங்குவதே பாடாகிவிட்டது. மூன்றாவது வாரமும் முடிகிற கட்டம். டாக்டர் வந்து மருந்துப் பையைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மூணு கண்ணாடியையும் பார்த்து ஓட்டு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரே மாஸ்டர்தான். இன்றைக்கு எல்லாவற்றையும் பார்க்கிற பெண் மாஸ்டரின் முகத்தை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறது. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் காலைப் பலகையில் இன்னும் அழுத்தினார்.

அன்று மத்தியானம் டியூட்டி முடிந்த கையோடு தங்கை வந்தாள். கவுன், முகமூடி, தலைக்கு உறை. விசிலை நர்ஸ் வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். உள்ளே வந்து கட்டிலருகே நின்றாள். நலம் விசாரிக்கவில்லை, கிண்டல் பண்ணவில்லை. வண்டி லேட்டானால் பிரயாணிகளிடம் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிற கண்டக்டரின் அவஸ்தை அவளுக்கு. போனது அவளுடைய செல். போய்ச் சேரவில்லை.

திடீரென்று மாஸ்டரின் நெஞ்சைப் பார்த்துக் குனிந்தாள்.

"ஏய், உங்களைத்தான்! ஏறியாச்சில்ல? ஏறினவங்க படியிலேயே நின்னா எப்படி? உள்ள போங்க, உள்ள எல்லாம் காலியாக் கிடக்கு! ஆளுக்கு ஒரு எலும்பாப் பார்த்து உக்காருங்க. என்ன வேடிக்கை அங்க? அவன் மூஞ்சியைப் பார்த்துப் பயப்படாதீங்க. முறைப்பான், மிதிப்பான், ஆனா ஒண்ணும் பண்ண மாட்டான். நல்லவன் அவன். ரொம்ப நல்லவன்..."

நல்லவன் என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது. மாஸ்டரின் முழங்கையைக் கையுறை போட்ட கையால் பிடித்தாள்.

"ஒரு தடவை என்னை உள்ளேயே விட்டுட்டு நீ பாட்டுக்கு முதல்ல இறங்கிட்டே. அப்ப கொஞ்ச நேரந்தான் தனியா இருந்தேன், பின்னாலேயே வந்துட்டேன். இந்தத் தடவை நீ இறங்கினேன்னா என்னால பின்னாடி ஓடி வர முடியாது. இறங்காதே அண்ணா. நான் சொல்றேன்ல, இறங்காதே."

மாஸ்டருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஐம்பது வருஷமாகக் காத்துக்கிடந்த வார்த்தை, அது வந்த நேரத்தில் வாயைத் திறக்க முடியவில்லை. கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. நேரமாகிவிட்டது என்று நர்ஸ் கண்ணாடியைத் தட்டினார். தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனாள். மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அப்புறம் மெதுவாக, வலது காலைப் பலகையிலிருந்து எடுத்தார்.

அதனால்தான் பிடித்தது என்று சொன்னால் டாக்டர் அடிக்க வருவார். செல்லுக்குக் காது கிடையாது, அது அதன் வேளைக்குத்தான் பிடிக்கும் என்பார். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் மறுநாள் காலையில் கவுனைச் சரியாகக்கூடக் கட்டாமல் ஓடி வந்தது அதே டாக்டர்தான்.

"பிடிச்சிருச்சு மாஸ்டர்! வெள்ளணு தலை காட்டிருச்சு! பிடிச்சிருச்சு!"

மாஸ்டர் கரகரத்த குரலில், பாடுபட்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார். "யாருக்கு... யாரை?"

அடுத்த நாளும் ஏறியது, அதற்கடுத்த நாளும் ஏறியது. வாய்ப்புண் ஆறி, பேச்சு வந்ததும் மாஸ்டர் முதல் வேலையாக ஃபோனில் தங்கையைப் பிடித்தார்.

"அன்னைக்கு என்னை என்னன்னு கூப்பிட்டே?"

"டேய்னு கூப்பிட்டேன்."

"அண்ணான்னு சொன்னே. ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"ஜுரத்துல மனுஷனுக்கு என்னென்னமோ கேக்கும்டா. எங்க பஸ்ஸுல ஒருத்தர் ஜுரத்தோட ஏறி, நான் டிக்கெட் கேட்டதுக்கு என்னை அம்மான்னாரு."

மாஸ்டர் மனைவியிடம் நியாயம் கேட்டார். நர்ஸிடம் சாட்சி கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். வழக்கு தள்ளுபடி.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் உடம்பெல்லாம் செம்புள்ளி. மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, "புதுசா வந்தவங்க உங்க தோலைப் பார்த்து இது யார் வீடுன்னு சண்டை போடறாங்க. மருந்துல லேசா பிரேக் குடுக்கறேன். முழுசா நிறுத்த மாட்டேன்," என்றார்.

"ஏன், நிறுத்திட வேண்டியதுதானே?"

"கொஞ்சம் சண்டை இருந்தா நல்லது மாஸ்டர். எங்கயாவது பழைய கெட்ட செல் ஒளிஞ்சிருந்தா அதையும் இவங்கதான் அடிச்சு விரட்டணும். அளவு மீறிப் போகாம பார்த்துக்கறது என் வேலை. என் கால் இருக்கு."

"அப்ப அவ எனக்குள்ள வந்தும் சண்டைதான்," என்றார் மாஸ்டர். வருத்தமாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

கூட்டத்துக்குள் போகக் கூடாது, பஸ்ஸில் ஏறக் கூடாது என்று உத்தரவு. தங்கையின் பஸ்ஸிலேயே ஏற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வர மச்சானைக் கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு நாள் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டு மாஸ்டர் எட்டிப் பார்த்தார். ஸ்கூல் கார் நிற்கிறது, ஸ்டியரிங்கில் தங்கை.

"நீ எப்ப கத்துக்கிட்டே? யாருகிட்ட?"

"எதிர்த் தெரு ஸ்கூல்ல."

"அவன்கிட்டயா? இண்டிகேட்டரை அலங்காரத்துக்கு வச்சிருக்கறவன் அவன்!"

"உன்கிட்ட கத்துக்கிட்டிருந்தா இன்னும் அந்தத் தெருமுனையிலதான் நின்னுட்டிருப்பேன். ஏறு."

பழைய மஜ்ஜையோடு சின்ன வயசில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் போய்விட்டதால், எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். டாக்டர் நாள் பார்த்துச் சொன்னதும் தங்கைதான் அழைத்துப் போனாள். தடுப்பூசி போடுகிற இடத்தில் எங்கே பார்த்தாலும் கைக்குழந்தைகள். பாட்டில், கிலுகிலுப்பை, அழுகை. ஓரமாக ஒரு நாற்காலியில், இப்போதுதான் சுருள் சுருளாக முளைத்துவரும் முடியும் முகமூடியுமாக மாஸ்டர். தங்கைக்கும் சுருட்டை முடி. முடி அவளிடமிருந்து வரவில்லை, மருந்துக்கு அப்புறம் சில பேருக்கு அப்படி முளைக்கும் என்று டாக்டர் தலையால் அடித்துக்கொண்டு சொன்னாலும் ஊரில் நம்ப ஆளில்லை.

நர்ஸ் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "குழந்தை எங்கே?"

தங்கை மாஸ்டரைக் காட்டினாள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்து, விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, ஊசியை எடுத்தார். "சரி, கூட வந்திருக்கறது யாரு?"

தங்கை வாயைத் திறந்துவிட்டாள். முகமெல்லாம் குறும்பு. சொல்லப் போவது என்னவென்று மாஸ்டருக்குத் தெரியும். அவர் முந்திக்கொண்டார்.

"அக்கா," என்றார். "எங்க அக்கா."

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ஊசி போட்டார்கள், பஞ்சை வைத்து அழுத்தினார்கள், உட்காரச் சொன்னார்கள், போகலாம் என்றார்கள். அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னத்துக்குடா அப்படிச் சொன்னே?"

"எப்படிச் சொன்னேன்?"

"இப்ப உள்ள சொன்னியே."

"நான் எதுவும் சொல்லலையே," என்றார் மாஸ்டர். "ஊசி போடற இடத்துல உனக்கு என்னமோ கேட்டிருக்கும்."

அவள் அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஊசி போட்ட தோள், மாஸ்டர் துள்ளிவிட்டார். அவள் சாவியைத் திருகினாள். பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. வேறு யாராவது இதைச் செய்திருந்தால் மாஸ்டர் கிழித்திருப்பார்.

அவர் கால் வைக்கிற இடத்தில், அந்த இரண்டாவது பிரேக் பளபளவென்று தேய்ந்து கிடந்தது. மாஸ்டர் குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பெல்ட்டை மாட்டினார்.

"ரைட், போலாம்," என்றார்.